கடைசி ஆளின் மதிப்பெண்

பாடிக்குளம் சந்திப்பில் எழும்பப்போகும் குடியிருப்புக்கு எழுபத்து நான்கு மதிப்பெண் வந்திருந்தது. அபிரூபாவுக்கு அந்த எண்ணின் மேல் நம்பிக்கை வரவில்லை. அந்தத் தேர்வுக்கு விதி எழுதியவளே அவள்தான். அறுபது வாங்குவதற்கே எல்லோரும் திணறுகிற தேர்வு அது.

மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் மூன்றும் வந்து சேரும் இடங்களைச் சுற்றி, நகரம் முழுக்கப் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று முடிவு செய்வது சந்திப்பு வடிவமைப்புக் குழுமம். அபிரூபா அதன் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர். வரைபடத்தைப் பார்த்து அனுமதி தரும் வழக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது நிழல்கள்தான் கட்டடத்தைச் சோதித்தன.

ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் சம்மதித்தால் மூன்று மாதம் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். எப்போது எழுகிறார்கள், எந்த முட்டி வலிக்கிறது, படியேறும்போது எத்தனை முறை நிற்கிறார்கள், யாரைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள், எல்லாவற்றையும் அது கவனிக்கும். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் உருவாகும். இன்னும் கட்டாத கட்டடத்தில், கணினிக்குள்ளே, அந்த நிழல்கள் இருபது வருடம் வாழ்ந்து பார்க்கும். வெளியே அதற்கு ஒரு நாள்தான் ஆகும். மறுநாள் காலையில் ஒவ்வொரு நிழலுக்கும் அங்கே வாழ்க்கை எப்படிப் போனது என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வந்துவிடும்.

முன்பெல்லாம் சராசரி எடுத்தார்கள். அப்படி எண்பத்தொன்று வாங்கிய ஒரு கட்டடத்தில், பார்வையில்லாத ஒருவர் ஆறு மாதமாக வீட்டை விட்டு வெளியே வராமலே இருப்பதை அபிரூபா பார்த்தாள். "லிஃப்ட் எங்க நிக்குதுன்னு தெரியலம்மா, விழுந்துடுவேனோன்னு பயம்" என்றார் அவர். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். இரண்டு வருடம் போராடி விதியை மாற்றினாள். சராசரி கிடையாது. யாருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணோ, அதுதான் கட்டடத்தின் மதிப்பெண். அது அறுபதைத் தொடவில்லையென்றால் அனுமதி இல்லை. கடைசி ஆள் விதி என்று அதற்குப் பெயர் வந்தது. பத்திரிகைகள் பாராட்டின. வேறு மாநிலங்களிலிருந்து அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அனுமதிக் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடைசி ஆளை நேரில் போய்ப் பார்ப்பது அவள் வழக்கம். பாடிக்குளத்தின் கடைசி ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். புது வீட்டில் மேற்குப் பக்க அறைக்கு வெயில் வரும் என்பதுதான் அவருடைய நிழலின் ஒரே குறை.

நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் இவருக்குத்தான் அதிகக் கஷ்டமா?

அவரைப் பார்த்துவிட்டு, யோசித்துக்கொண்டே அவள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தபோது தோள்பையின் ஜிப் பிய்த்துக்கொண்டது. நடைமேம்பாலத்தின் அடியில் ஒரு பெண் பை தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தாழ்வான நாலு சக்கர வண்டி ஒன்றில் கனமான தையல் இயந்திரத்தைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தாள். இடது கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது.

"அஞ்சு நிமிஷம் மேடம். ரன்னர்தான் போயிருக்கு, மாத்திடலாம்" என்றாள் பையை வாங்கிப் பார்த்து.

அவள் பெயர் டெய்சி. இருபது வயதில் பஸ் ஏறி முட்டி நசுங்கியது. தடி ஊன்றி நடந்தால் தோள்பட்டை இழுத்துக்கொள்ளும். வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு தூரமும் போவாள். வண்டிதான் அவளுக்குக் கடையும் காலும்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"இருபத்தாறு வருஷம். பஸ்ஸ புடிக்க ஓடுறவங்க பைதான் மேடம் அறுந்து விழும். ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க பை அறுந்து போறதில்ல. அதனால எனக்கு இந்த இடம்தான்."

"புது பில்டிங்ல எந்த மாடி குடுத்திருக்காங்க?"

"எனக்கு இங்க இல்ல மேடம். செவ்வந்திபுரம் போறேன். முப்பத்தஞ்சு கிலோமீட்டராம். இதைவிடப் பெரிய வீடு, தரைத் தளம். நானா விருப்பப்பட்டுப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"விருப்பப்பட்டா போறீங்க?"

டெய்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எழுதிக் கொடுத்தேன்னு சொன்னேன் மேடம்."

அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பதி, சக்கர நாற்காலியில் போகும் இரண்டு பேர், மகளைத் தூக்கிக்கொண்டே எங்கும் போக வேண்டியிருக்கிற ஒரு அம்மா, இப்படி. கட்டுகிற நிறுவனத்தில் ஒரே நாளில் ஒன்பது பேரையும் கூப்பிட்டுப் பேசினார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்களாம். காபி கொடுத்தார்களாம்.

அபிரூபா அலுவலகத்துக்குத் திரும்பி, விலக்கி வைத்திருந்த ஒன்பது நிழல்களையும் மறுபடி கட்டடத்துக்குள் விட்டாள். மறுநாள் காலை மதிப்பெண் வந்தது. இருபத்து மூன்று. அது டெய்சியுடையது.

*

கட்டடத்தை வரைந்த ரிஸ்வான் அவளோடு கல்லூரியில் படித்தவன். கட்டுமான நிறுவனத்தில் பத்து வருடமாக இருக்கிறான். அவன் வேலை பார்க்கும் மாடியிலேயே போய் நின்றாள்.

"ஒன்பது பேரைத் தூக்கியிருக்கீங்க."

அவன் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு அபி. நான் தூக்கல. அதுக்குன்னு தனி ரூம் இருக்கு. மூணு பேர் வேலை பாக்குறாங்க. கடைசி ஆள் பிரிவுன்னே பேரு. உன் விதி வந்த மாசம் ஆரம்பிச்சது. யாரால மார்க் குறையுதுன்னு பாப்பாங்க. அவங்களக் கூப்பிட்டுப் பேசுவாங்க."

"எல்லா கம்பெனியிலயுமா?"

"நீ இப்பதான் கண்டுபிடிச்சியா?"

இந்த இரண்டு வருடத்தில் கையெழுத்துப் போட்ட கட்டடங்கள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. எல்லாமே நல்ல மதிப்பெண் வாங்கியவை.

"முன்னாடி சராசரி எடுத்தப்ப இவங்க யார் கண்ணுக்கும் தெரியல" என்றான் ரிஸ்வான். "உள்ள வந்தாங்க, கஷ்டப்பட்டாங்க, ஆனா உள்ளதான் இருந்தாங்க. நீ அவங்கள கண்ணுக்குத் தெரியற மாதிரி ஆக்கிட்ட. அதுதான் இப்ப அவங்களுக்கு வினையாப் போச்சு."

"டிசைனை மாத்தியிருக்கலாமே. ஒன்பது பேர மாத்துறதுக்கு பதிலா."

"வெள்ளத்துக்காக நாலரை மீட்டர் மேடை மேலதான் வீடு வரணும்னு சொன்னது நீங்க. அதுவும் நல்ல விதிதான், நான் தப்பு சொல்லல. மெட்ரோவுக்குப் போறவன் மேடையிலயே நடந்து போயிடுவான். பஸ்ஸுக்குப் போறவன் படி இறங்குவான். டெய்சி வீட்லேருந்து மேடைக்கு ஒரு லிஃப்ட், மேடையிலேருந்து ரோட்டுக்கு இன்னொரு லிஃப்ட். காலையில கூட்டத்துல வண்டிய ஏத்த விடமாட்டாங்க. இப்ப ஆறு நிமிஷத்துல போறவ, அங்க நாப்பத்தேழு நிமிஷத்துல போவா. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அன்று மாலையே அபிரூபா பாடிக்குளத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தாள்.

*

நிராகரித்த செய்தி, இடிபட்ட குடியிருப்பிலிருந்து வெளியேறித் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களுக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. பதினாலு மாதமாக அவர்கள் அங்கே இருந்தார்கள். அனுமதி கிடைத்திருந்தால், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கிப் பொருத்தும் கட்டடம் என்பதால், மழைக்கு முன்பே குடியேறியிருக்கலாம். விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று அபிரூபா நேரில் போனாள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மோசஸ், பஸ் ஓட்டுநராக இருந்தவர். அறுபதை நெருங்கிய, உயரமான மனிதர். கொட்டகை வாசலில் நின்றபடியே பேசினார்.

"நானூத்திப் பன்னெண்டு குடும்பம் மேடம். ஒன்பது பேருக்காக நிறுத்தி வச்சிருக்கீங்க. அந்த ஒன்பது பேரும் எங்க ஆளுங்கதான், நான் இல்லங்கல. டெய்சி எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா மழைக்கு இந்தத் தகரத்துக்குள்ள இருந்து பாத்திருக்கீங்களா நீங்க? போன மழைக்கு இவ இருமுன இருமல் எனக்குத்தான் தெரியும்."

"சும்மா இருங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். மூச்சிரைப்பு அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஒரு தம்ளர் மோரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வெயில்ல வந்திருக்காங்க. முதல்ல குடிக்கட்டும்."

அபிரூபா குடித்துத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் முடிக்கப் பாக்குறேன்" என்றாள்.

"கிறிஸ்துமஸுக்கு ஸ்டாரை புது வீட்டு வாசல்ல கட்டணும்னு சொல்லிட்டு இருக்கா" என்றார் மோசஸ். "நீங்க சொல்ற சீக்கிரம் அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"



*

பத்து நாள் கழித்து டெய்சி குழுமத்தின் அலுவலகத்துக்கு வந்தாள். வண்டியை வாசலில் விட மாட்டேன் என்று காவலாளியோடு வாதாடி, இயந்திரத்தோடு உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு காகிதம்.

"ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். இந்த தடவ யாரும் கூப்பிட்டுக் காபி கொடுக்கல. நாங்களா பேசிப் போட்டது. எங்கள எடுத்துட்டு மத்தவங்களுக்கு வீட்டக் குடுத்துடுங்க மேடம்."

"மோசஸ் சார் ஏதாவது சொன்னாரா?"

"அண்ணன் சொல்லல. சொன்னாக்கூட பரவாயில்லையே. தண்ணி புடிக்கப் போனா, பேசிட்டு இருக்கிறவங்க நிறுத்திடுறாங்க. என்னைப் பாத்ததும். எத்தன நாள் மேடம் அப்படி இருக்க முடியும்?"

அபிரூபா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு, "உங்க நிழலைப் பாக்குறீங்களா? பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள்.

திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் நிற உருவம் வந்தது. இடது காலைப் பக்கவாட்டில் வீசிவைத்து நடந்தது. "நான்தான்" என்று உடனே சொன்னாள் டெய்சி. மேடைக் கட்டடத்தில் முதல் வருடம் நிழல் விடியற்காலையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கியது, லிஃப்ட்டில் கூட்டம் வருவதற்கு முன். இரண்டாம் வருடம் வாரத்தில் நாலு நாள். நாலாம் வருடத்துக்குப் பிறகு இறங்கவேயில்லை. ஒன்பதாம் மாடி வீட்டில் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது.

டெய்சி வெகுநேரம் பார்த்தாள். "சரி. இங்க நல்லா இல்ல. அதான் போறேங்கறேன். செவ்வந்திபுரத்துல எப்படி இருக்கேன்?"

அபிரூபா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அதைப் பாக்கல."

"ஏன் மேடம்?"

"எங்க விதி இந்த இடத்துக்கு மட்டும்தான். இங்கேருந்து போயிட்டா... அதுக்கப்புறம் நாங்க அளக்குறதில்ல."

"அப்ப நான் போனதும் எனக்கு மார்க்கே கிடையாதா?"

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அபிரூபா, போராடிய காலத்தையும் சேர்த்து, நாலு வருடமாக அந்த விதியோடு வாழ்ந்தவள். இந்தக் கேள்வியை அவள் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

செவ்வந்திபுரத்தின் மாதிரியை வாங்கி, டெய்சியின் நிழலை அங்கே விட்டார்கள். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். பெரிய வீடு, சமதளம், படியே இல்லை. நிழல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றது. அங்கே பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் யாரும் இல்லை. ஐந்தாவது மாதத்திலிருந்து வண்டியை எடுக்கவில்லை. வண்டி எடுக்காததால் நடக்கவும் இல்லை. பதினோரு மதிப்பெண்.

டெய்சி இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள்.

*

குழுமத்தின் கூட்டத்தில் அபிரூபா கேட்டது ஒரே ஒரு வரி. கணக்கெடுத்த நாளில் அங்கே இருந்தவர், அதன் பிறகு எங்கே போனாலும் அந்தக் கட்டடத்தின் ஆள்தான். புது இடத்தில் அவர் வாங்கும் மதிப்பெண்ணும் இந்தக் கட்டடத்தைச் சேரும்.

"வேற ஊருக்குப் போனவரோட வாழ்க்கைக்கு இந்தக் கட்டடம் எப்படிம்மா பொறுப்பாகும்?" என்று கேட்டார் தலைவர்.

"இந்தக் கட்டடத்துக்காகத்தானே சார் அவர் போறாரு."

இன்னொரு உறுப்பினர், "கொட்டகையில இருக்கிறவங்க? இன்னொரு மழைக்கு அங்கயே கிடக்கட்டும்கிறீங்களா?" என்றார்.

"இப்ப விட்டுட்டா, இனிமே கட்டுற ஒவ்வொரு இடத்துலயும் ஒன்பது பேர் போயிட்டே இருப்பாங்க" என்றாள் அபிரூபா. ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்த வரி விதியானது.

அடுத்த நாளே ரிஸ்வான் கூப்பிட்டான். "கடைசி ஆள் பிரிவை மூடிட்டாங்க. ஒருத்தர வெளிய அனுப்பினா மார்க் இன்னும் குறையுதாம். வேற வழியில்லாம என்கிட்ட வந்தாங்க, டிசைனை மாத்துன்னு." அவன் குரலில் பல வருடமாக அவள் கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. "நான் முதல்ல வரைஞ்சத எடுத்து நீட்டினேன். சாய்வுத் தெரு."

ரோட்டிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும், கட்டடத்தைச் சுற்றி மெதுவாக ஏறிப்போகும் அகலமான தெரு. வண்டி தள்ளலாம், சக்கர நாற்காலி உருட்டலாம். தெருவைப் பார்த்தபடி வீடுகள். அதற்காகப் பாதி மாடி அளவு வணிக இடம் போகிறது என்று மூன்று வருடம் முன்பு நிறுவனம் அதை ஒதுக்கிவிட்டிருந்தது.

"அப்பவே ஏன் சண்டை போடல நீ?"

"அப்ப இந்தத் தெரு இல்லாமலே சராசரி எழுபத்தெட்டு வந்துச்சே. எதை வச்சு சண்டை போடுறது?"

புது வரைபடத்தைச் சோதித்து முடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. டெய்சிக்கு அறுபத்தாறு. கடைசி ஆளாக வந்தவர் ஒரு இளம் தாய், அறுபத்து மூன்று. அபிரூபா கையெழுத்துப் போட்ட அன்று மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

*

அந்த வருட மழை நவம்பர் முழுக்கப் பெய்தது. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஸ்டெல்லாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, நிமோனியா ஆகி, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

டெய்சிதான் அபிரூபாவுக்குச் சொன்னாள். அபிரூபா போனபோது ஜெபம் நடந்துகொண்டிருந்தது. டெய்சி அவளை வெளியிலேயே நிறுத்தினாள்.

"உள்ள போவாதீங்க மேடம். அண்ணன் இருக்கிற நிலைமையில எதாவது சொல்லிடுவாரு. அப்புறம் அவருதான் வருத்தப்படுவாரு."

"நான் வந்தேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்." டெய்சி கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணிக்குத் தெரியும் மேடம், நாங்க பேப்பரைத் திருப்பி வாங்கிட்டோம்னு. வாங்கிட்டு வந்த அன்னிக்கு எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

மார்ச்சில் எல்லோரும் குடியேறினார்கள். ஒன்பது பேரும்தான். விழாவில் மோசஸ் சங்கத்தின் சார்பில் பேசினார். கட்டியவர்களுக்கு நன்றி சொன்னார், வரைந்தவருக்கு நன்றி சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அபிரூபாவின் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை.

சாய்வுத் தெரு எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள், பிரசவமாகி வந்த பெண்கள் நடந்தார்கள். படி இருந்தும் பஸ் பயணிகள் பாதிப்பேர் அந்த வழியாகவே போனார்கள். டெய்சி இரண்டு மாதத்தில் மேம்பாலத்தடியை விட்டுவிட்டுத் தெருவின் முதல் வளைவுக்கு மாறிவிட்டாள். ஆள் நடமாட்டம் இங்கேதான் அதிகம் என்றாள். வேறு மூன்று நகரங்கள் புது விதியை எடுத்துக்கொண்டன.

குடியேறி ஒரு வருடம் ஆனதும் எல்லோருக்கும் மறுபடி பட்டை கட்டி, வாழ்க்கையை நேரிலேயே அளந்து பார்ப்பது முறை. அறிக்கை அபிரூபாவின் மேசைக்கு வந்தது. டெய்சி எழுபத்தொன்று. கட்டடத்தின் மதிப்பெண், நாற்பத்தொன்று.

கடைசி ஆள்: மோசஸ், நாலாம் மாடி. உடல்நிலை நன்று. நடை நன்று. நாளில் பேசும் சொற்கள் முப்பதுக்கும் குறைவு. சங்கத்திலிருந்து விலகியிருக்கிறார். ஒரே அறையில், ஒரே இடத்தில், பெரும்பாலான நேரம்.

கீழே ஒரு கட்டம் இருந்தது. 'வடிவமைப்பில் செய்ய வேண்டிய மாற்றம்.' அவளே உருவாக்கிய படிவம்தான் அது. அதை நிரப்ப அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து பாடிக்குளத்துக்குப் போனாள்.

*

மோசஸ் கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். மூடிவிடுவார் என்று நினைத்தாள். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

கூடத்தில் ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஸ்டெல்லாவின் படம். மற்ற சாமான்கள் பலவும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தன.

"அறிக்கை சங்கத்துக்கும் வந்துச்சாம். நான்தான் கடைசின்னு டெய்சி சொன்னா" என்றார். "ஃபெயிலாயிட்டேனா?"

"நீங்க இல்ல சார். கட்டடம்."

"கட்டடம் நல்லாத்தான் இருக்கு."

அவள் தயாரித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தா அவங்க இருந்திருப்பாங்க" என்றாள்.

"ஆமா" என்றார் மோசஸ். "இருந்திருப்பா. டெய்சி இங்க இருந்திருக்க மாட்டா. இதை நானும் எத்தனையோ தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் வரல." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "உங்க மேல கோவம் இருக்கு மேடம். அது போற மாதிரி தெரியல. நீங்க வந்ததால சொல்றேன்."

"சரி சார்."

மோசஸ், கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல மெல்லக் கேட்டார்.

"அவளுக்கும் பட்டை கட்டினாங்க. அவளுக்கும் நிழல் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அக்டோபர்ல டெஸ்ட் பண்ணீங்களே. அப்ப அவ உயிரோட இருந்தா. அப்படின்னா அது இந்த வீட்ல இருந்திருக்கும். இருபது வருஷம்."

"இருந்திருக்கும் சார். ஆனா இறந்தவங்க நிழலைத் தொண்ணூறு நாள்ல அழிச்சிடுவோம். பாக்க முடியாது."

"பாக்க வேணாம். பாத்தா தாங்க மாட்டேன்." அவர் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "நான் எங்க உக்காந்தாலும் இது அவ இருந்த வீடா தெரியல. அவ வந்ததே இல்லையே. இங்க அவ எங்க இருந்தான்னு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும்."

நிழல் அழிந்தாலும் அது எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவு இருக்கும். வாரிசு கேட்டால் சொல்லலாம். அபிரூபா கைக்கணினியை எடுத்துத் தேடினாள்.

"சமையலறை ஜன்னல் பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல. இருபது வருஷத்துல ரொம்ப நேரம் அங்கதான் இருந்திருக்காங்க."

மோசஸ் எழுந்து சமையலறைக்குப் போனார். அவளும் பின்னால் போனாள். ஜன்னலுக்குக் கீழே சாய்வுத் தெரு வளைந்து இறங்கியது. வளைவில் டெய்சி யாருக்கோ பையைத் தூக்கிக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லாவுக்குப் போற வர்ற ஆளுங்களப் பாத்துட்டே இருக்கணும்" என்றார் மோசஸ். "பஸ்ல என்கூட வந்தாக்கூட ஜன்னல் சீட்தான் கேப்பா." கொஞ்சம் நின்று, "நின்னுட்டேவா இருந்தா?" என்று கேட்டார்.

"இல்ல சார். உக்காந்துதான் இருந்திருக்காங்க."

அவர் கூடத்துக்குப் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தூக்கி வந்தார். ஜன்னலை ஒட்டி ஒன்றைப் போட்டார். அதில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு, அதில் உட்கார்ந்து வெளியே பார்த்தார்.

"மழை பெஞ்சா இங்க சாரல் அடிக்குமா?" என்று கேட்டார் திரும்பாமல்.

"அடிக்காது சார்" என்றாள் அபிரூபா. "அதைப் பாத்துட்டுத்தான் அனுமதி குடுத்தோம்."

மோசஸ் தலையசைத்தார்.